பாதியில் நிறுத்திய தாள்

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு றக்வான பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த நவாஸ் நானாவின் மகள் அழைத்தாள். "வாப்பா மௌத்தாகிட்டாரு டீச்சர். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கிட்டோம். உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்தாரு." நான் செய்தி கேட்டபோது, மகள் வீடிருக்கும் குருவிட்டவில் அவரை மண் மூடியிருந்தது. அரை மணி நேரத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் அழைப்பு வந்தது. "டீச்சர், நானாவோட நல்ல படம் ஒண்ணு இருக்கா? பேனர் அடிக்கணும். வெள்ளிக்கிழம கூட்டம் வச்சிருக்கோம். நம்ம சனத்துக்காக உழைச்ச மனுசன்." பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் தோட்டத்தில் அவர் முன்னால் உட்காராத முகம் குறைவு. அடையாள அட்டைக்கான படங்களை அவர்தான் எடுத்தார். கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, நாற்காலியில் நம்மை உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் முழங்காலிட்டுக்கொள்வார். வயது ஐம்பதைத் தாண்டியும் அப்படித்தான். முழங்கால் வலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "இவங்கள எல்லாரும் மேலருந்துதானே பாக்கிறாங்க. மேலருந்து பாக்கிறவனுக்கு யாரு டீச்சர் முகத்தக் குடுப்பா?" என்றார்.

மாரியாயி அக்காவின் முறை வந்த நாள் நினைவிருக்கிறது. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, கைய வெளிய எடுங்க."

"முகந்தானே புடிக்கிறீங்க நானா?"

"கைய மறைச்சா முகமும் சேந்து மறைஞ்சிரும். சரி, மூச்ச விடுங்க. அடுப்புல என்னத்த வச்சிட்டு வந்தீங்க?"

"பருப்பு."

"யாரு பாத்துக்கிறா?"

"எங்க வீட்டுக்காரரு."

"அப்ப கருகிப் போயிருக்கும்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "சிரிப்பக் கொறைங்க தங்கச்சி, இவ்வளவு சந்தோசமா இருந்தா கவர்மெண்டு கந்தோர்ல அட்டை தர மாட்டாங்க" என்று நானா சொன்னதில் அவருடைய கை தானாக மடிக்கு இறங்கியது. அந்த நொடியில் எடுத்தார். சிரிக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. அடுப்பில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்.

இந்தத் திறமைதான் அவருக்கு வினையானது.

ஒரு முறை தோட்டத்தை நடத்தும் கம்பனியிலிருந்து படப்பிடிப்புக் குழு ஒன்று வந்தது. பெரிய கேமரா, வெள்ளைக் குடைகள். கொழும்பிலிருந்து வந்த கேமராப் பையன் 'ஸ்மைல், ஸ்மைல்' என்று கத்தக் கத்த, நம் பெண்கள் காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள்போல விறைத்து நின்றார்கள். ஒரு காலை முழுவதும் அப்படியே வீணாயிற்று. பிறகு நவாஸ் நானாவை அழைத்துவந்தார்கள். கேமராவைத் தொடும் முன் அவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், எதுக்காம் இது?"

அவர்கள் கையெழுத்துக்காகக் கொடுத்த தாள் என் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். படித்தவள் என்று என்னிடம் தந்திருந்தார்கள். முதல் பத்தியில் நாட்காட்டி என்றிருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், படித்தவள் இவ்வளவு நேரம் எடுக்கிறாளே என்று நினைப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. "காலண்டருக்குத்தான் நானா" என்றேன். அவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே முழங்காலிட்டார். மாரியாயி அக்காவிடம் இன்றைக்கு அடுப்பில் என்ன என்று கேட்டார்.

அடுத்த வருடம் சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்தில் வேலையை நிறுத்தியிருந்தோம். இரண்டாவது வாரம் நகரச் சந்தியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை ஏறியது. மாரியாயி அக்காவின் சிரிப்பு, பஸ் உயரத்துக்கு. கீழே கம்பனியின் பெயரும், மூன்று மொழிகளிலும் 'எங்கள் குடும்பம் மகிழ்ச்சியான குடும்பம்' என்ற வரியும். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் கேட்டார், இப்படிச் சிரிக்கிறவர்களுக்கு என்ன சம்பளப் பிரச்சினை என்று. மாரியாயி அக்காவும் அதே பஸ்ஸில் இருந்தார். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் அக்கா அழவில்லை. "எங்க சிரிப்ப வித்துட்டாரு நானா" என்று மட்டும் சொன்னார். இனி யாரும் அந்த ஸ்டூடியோ வாசல் மிதிக்கக்கூடாது என்று தலைவர் அறிவித்தார். ஆமாம், இன்று பேனர் அடிக்கும் அதே தலைவர்தான். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். தாளை யார் வாசித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் படமெடுக்க இரத்தினபுரியிலிருந்து ஆள் வந்தது. எட்டு மாதத்தில் நானா ஸ்டூடியோவை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். அதற்கு முதல்நாள் போய்ப் பார்த்தேன். வெறும் அறை, ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கும் முன், "மூச்ச விடுங்க டீச்சர். அடுப்புல என்னத்த வச்சிட்டு வந்தீங்க?" என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது.

"தாள நீங்க வாசிச்சீங்க, கேமராவ நான் புடிச்சேன். சனம் என்னத்தான் பாத்துச்சு. அது அப்படியே இருக்கட்டும். நான் போற ஆளு. நீங்க இங்க புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்க வேணும்."

அவர் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு லேசான மனதோடு வீட்டுக்கு நடந்தேன். அதை நினைத்தால்தான் இன்று கசக்கிறது. எத்தனையோ பேருடைய பயத்தைப் போக்கிய அந்தக் கேள்வி என்னுடையதையும் போக்கியது. போக்கியிருக்கக்கூடாது. ஏழு வருடம் அந்த நிம்மதியில் நான் தூங்கி எழுந்தேன். பிள்ளைகளிடம், எதையும் முழுதாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

நேற்று மாரியாயி அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விறகு முறித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"போன தீபாவளிக்கு முந்தி பஸ் ஸ்டாண்டுல நின்னாரு. 'தங்கச்சி, சுகமா'ன்னு கேட்டாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போனேன்."

நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"அவரு இருக்கையில சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். மறுபடி விறகை எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

தலைவருக்கு இதுதான் பதில். பேனர் வேண்டாம். இறந்தவர் படம் மாட்டுவது தங்கள் வீட்டு வழக்கமில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். நானாவின் பொருளென்று என்னிடம் எதுவும் இல்லை. அவர் பெயரைக் கெடுத்த அந்தத் தாளின் பிரதி மட்டும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் நடுவில், எந்த விளம்பரத்துக்கும் எந்தக் காலத்திலும் பயன்படுத்தலாம் என்று சின்ன எழுத்தில் தெளிவாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். அன்றைக்கு நிறுத்திய இடத்திலிருந்து வாசிக்கிறேன்.