நேர்ஸ் ஞானேஸ்வரியின் மதியச் சாப்பாடு

பெய்ரூட்டில் குண்டு விழுந்த 2006 ஜூலையில்கூட ஞானேஸ்வரி இப்படிப் பயப்படவில்லை. அன்று அவர் வேலை செய்த வீட்டில் ஜன்னல் கண்ணாடி முழுவதும் உதிர்ந்தது. அவர் பாட்டுக்குக் கூட்டி அள்ளிவிட்டு, அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்டி அம்பிட்டிய வீதி ஏற்றத்தில் புதிதாகத் திறந்திருக்கும் லெபனான் சாப்பாட்டுக்கடையில், மெத்தை வைத்த கதிரையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் ஹம்முஸ் கடலை விழுதைப் பார்த்தபோதுதான் பயந்தார்.

காரணம், அவர் நேர்ஸ். அதாவது, இல்லை.

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கணவர் அழகமுத்து மாநகரசபையில் தண்ணீர் மீற்றர் பார்ப்பவர். மகள் நிஷாந்திக்கு இரண்டு வயதாகும்போது ஞானேஸ்வரி லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போய், ஒன்பது வருடம் கழித்து, யுத்தத்துக்குள்ளே பஸ்ஸேறி சிரியா வழியாகத் திரும்பி வந்தார். தெல்தெனியவில் அவர்கள் குடியிருக்கும் வீடு அந்த ஒன்பது வருடத்தில் எழுந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் பாதிக் கூரைகள் அப்படி வந்தவைதான்.

மறைத்தவர் கல்யாணத் தரகர் பொன்னுத்துரை. தபால் கந்தோரில் ஓய்வு பெற்றவர். அவருடைய கொப்பிக்குள் நுழையும் எவரும் தாம் செய்த வேலையோடு வெளியே வருவதில்லை. பஸ் கண்டக்டர் போக்குவரத்துத் துறை அதிகாரியாவார். புடவைக்கடையில் துணி மடிப்பவர் வர்த்தகராவார். நிஷாந்திக்கு வரன் பார்க்க வந்த அன்று, ஞானேஸ்வரி உள்ளதைத்தான் சொன்னார்: கூட்டியது, சமைத்தது, கடைசி மூன்று வருடம் படுக்கையில் கிடந்த பெரிய மேடத்துக்கு மாத்திரை கொடுத்து பிறஷர் பார்த்தது. பொன்னுத்துரை பேனையை நக்கிக்கொண்டு 'நேர்ஸ்' என்று எழுதினார்.

“பொய் ஒண்ணும் இல்லம்மா. பிறஷர் பாத்தீங்கதானே?”

முதல் சந்திப்பிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஞானேஸ்வரி இருந்தார். ஆனால் மாப்பிள்ளை கிருஷாந்தனின் தாயார் சுபாஜினி டீச்சர், ஓய்வு பெற்ற உப அதிபர், முப்பது வருடமாகக் கண்டியில் இருந்தும் யாழ்ப்பாணத்தை விட்டு இன்னும் முழுதாகப் புறப்படாதவர், தேநீர் வருமுன்னரே வாய் திறந்துவிட்டார். மருத்துவம் தெரிந்த ஒருவர் குடும்பத்துக்குள் வருவது தமக்கு எவ்வளவு சந்தோஷம் என்றார். அதற்குப் பிறகு உண்மைக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

நிஷாந்தியும் கிருஷாந்தனும் ஒருவரையொருவர் மனதார விரும்பிவிட்டார்கள். கல்யாணப் பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. இவர் இல்லாவிட்டால் எவரும் வேண்டாம் என்று, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் இருபத்தொன்பது வயது மகள் சொல்லியிருந்தாள். டீச்சருக்கு விஷயம் தெரிந்தால் எல்லாம் கலையும். இந்த நிலையில்தான் டீச்சர் தொலைபேசியில், “உங்களுக்குப் பழகின சாப்பாடு, ஒருக்கா எல்லாரும் போய்ச் சாப்பிடுவம்” என்று அழைத்தார். முதலாளியே லெபனான்காரராம், அசல் ருசியாம், அவரோடு அரபியில் கதைக்கலாமாம்.

ஞானேஸ்வரி நான்கு நாள் தூங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தார். நேர்ஸ் வீட்டில் காய்ச்சலென்றால் டீச்சர் எத்தனை டிகிரி என்று கேட்பார். அழகமுத்து சொன்ன யோசனை, பேசாமல் சிரித்துக்கொண்டே இருப்பது.

கடையில் கிருஷாந்தன் உட்பட எல்லாரும் உட்கார்ந்ததும், மேசை நிறையச் சின்னச் சின்னத் தட்டுகள் வந்து இறங்கின. அழகமுத்துவுக்கு அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. நம் தேநீர்க்கடைகளில் ரோல்ஸும் பற்றிஸும் தட்டு நிறைய வைப்பார்கள், தின்றதுக்கு மட்டும் கணக்கு, தொடாதது உள்ளே திரும்பிப் போகும் என்பது அவருக்குத் தெரிந்த உலகம். அவர் மனைவியின் காதில், “தொடாம வை. தொட்டா நம்மளுது” என்று எச்சரித்துவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொன்றை மட்டும், மீதி கலையாமல், பூப்பறிப்பதுபோல எடுத்தார். அவை எல்லாம் ஏற்கெனவே அவர்களுடையவை என்பது ஞானேஸ்வரிக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

எல்லாரும் அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். எந்தத் தட்டை எங்கே வைப்பது, எந்தப் பக்கமாக நீட்டுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாப்பிடுவதைத்தான் கதவடியில் நின்று பார்த்தது. ஒன்பது வருடம் அவர் சாப்பிட்டது குசினியில், நின்றபடி, மேசையிலிருந்து திரும்பி வந்ததை. மேடம் செய்வதுபோலவே ரொட்டியை இரண்டு விரலால் கிழித்து, மடித்து, ஹம்முஸில் ஒரு ஓரமாக வழித்தார். டீச்சர் அதை அப்படியே பார்த்துச் செய்தார். ஒரு கண்டம் தாண்டியது.

ஆனால் டீச்சரின் கிளாஸ் காலியாகும்போதெல்லாம் ஞானேஸ்வரியின் முழங்கால் தானாக எழும்பப் பார்த்தது. இடது கையால் கதிரையின் அடிப்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். மேசைக்கு அடியில் நிஷாந்தி அம்மாவின் காலை மிதித்தபடியே இருந்தாள்.

முதலாளி வந்தார். மொட்டைத்தலை, பெரிய சிரிப்பு. இவர் பெய்ரூட்டில் இருந்தவர் என்று டீச்சர் ஆங்கிலத்தில் பெருமையோடு அறிமுகம் செய்ய, அவர் ஞானேஸ்வரியிடம் திரும்பி அரபியில் படபடவென்று கேட்டார். கேட்டது இதுதான்: எந்தப் பகுதி, யாருடைய வீட்டில் இருந்தாய், அவர்கள் நல்ல மாதிரி நடத்தினார்களா?

ஆஸ்பத்திரி என்ற பேச்சே இல்லை. யாருடைய வீடு.

அவர் என்ன கேட்கிறார் என்றார் டீச்சர். அந்த மேசையில் அரபி தெரிந்தது தமக்கு மட்டும்தான் என்பது ஞானேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

“சாப்பாடு புடிச்சிருக்கான்னு கேக்குறாரு டீச்சர்.”

“அதுக்கு ஏன் இவ்வளவு நீளம்?”

“அவங்க மரியாதையா பேசுவாங்க.”

இரண்டாவது கண்டமும் தாண்டியது. அப்படியென்றால் தபூலேயை ருசி பார்த்துச் சொல்லுங்கோ என்று டீச்சர் அந்தப் பச்சைத் தட்டை நகர்த்தினார். பார்ஸ்லி இலையைப் பொடியாக அரிந்து, தக்காளி, எலுமிச்சைச்சாறு சேர்த்துச் செய்வது. ஞானேஸ்வரி ஒரு கரண்டி வாயில் வைத்தார். இலை நசுங்கி, கறுத்து, தண்ணீர் விட்டிருந்தது. மெசினில் அடித்தது. அந்த வீட்டில் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் முழுதும் குப்பைத் தொட்டியில் கொட்டப்படும். முதலிலிருந்து மறுபடி அரிய வேண்டும். ஒன்பது வருடம், கிழமைக்கு மூன்று தரம்.

வாய் திறந்துகொண்டது. அவருக்குத் தெரிந்த அரபி முழுவதும் அவருக்குப் போடப்பட்ட கட்டளைகள். தயவு செய்து என்பதையோ, பரவாயில்லை என்பதையோ யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எனவே வந்தது மேடமின் குரலில், மேடமின் சொற்களில் வந்தது: இதைக் கொட்டு. கத்தி எடு. இலையைக் கழுவு, துடை, காயவை, பிறகு அரி. நிற்காதே. யல்லா, சீக்கிரம்.

முதலாளியின் இரண்டு கைகளும் தாமாகப் பக்கத்தில் தொங்கின. அடுத்த நொடி அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சரிடம் ஆங்கிலத்தில், பெய்ரூட்டில் தம் தாயாரும் குசினியில் பார்ஸ்லி வெட்டும் வேலைக்காரப் பெண்ணை இதே குரலில்தான், இதே சொற்களில்தான் விரட்டுவார் என்று சொல்லிவிட்டு, தட்டைத் தாமே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் முகத்தில் பொய் தேடிய டீச்சர், கரண்டியைக் கீழே வைத்தார்.

“நேர்ஸ்மாருக்கு அங்க பார்ஸ்லி வெட்டுறதும் வேலையோ?”

அழகமுத்து தமது தட்டில் இருந்த, வடை போன்ற ஒற்றை உருண்டையை உன்னிப்பாக ஆராய்ந்தார். நிஷாந்தி காலை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் ஞானேஸ்வரியை மேலும் கலக்கியது.

“நான் நேர்ஸ் இல்லீங்க டீச்சர். வீட்டு வேலைக்குத்தான் போனேன். சொல்லணும்னு நெனச்சேன், பயந்துட்டேன். புள்ள மேல தப்பு இல்ல.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பெரிய கண்ணாடியல்ல. ஆனால் துடைத்து முடிவதற்குள் ஞானேஸ்வரி, பதிவு நின்று போவதையும், தெல்தெனிய முழுவதும் துக்கம் விசாரிக்க வருவதையும், நாற்பது வயது நிஷாந்தி தனியாகப் பரீட்சைத் தாள் திருத்துவதையும் வரிசையாகப் பார்த்துவிட்டார். இதற்கிடையில் புதிய தபூலே வந்தது. டீச்சர் ஒரு கரண்டி சாப்பிட்டார்.

“ஓம். இது வேற.”

பிறகு மகனிடம் திரும்பி, உனக்குத் தெரியுமோ என்று கேட்டார். பழகிய முதல் மாதமே நிஷாந்தி சொல்லிவிட்டாள் என்றான் கிருஷாந்தன், பார்வையை மேலே தூக்காமல்.

“அப்ப நான் ஒராள்தான் நேர்ஸோட சம்பந்தம் செய்ய வந்தனான்.”

யாரும் சிரிக்கத் துணியவில்லை. டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். அந்த முகத்தில் இருந்தது கோபமல்ல என்பதைக் கண்டுபிடிக்க ஞானேஸ்வரிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது பயம். அதே பயந்த முகத்தைத்தான் ஞானேஸ்வரி நான்கு நாளாகக் கண்ணாடியில் பார்த்து வந்திருந்தார்.

“லண்டனில என்ர அண்ணா டொக்டர். நாப்பது வருஷமா ஆஸ்பத்திரி. வெறும் நேர்ஸ் எண்டா மூஞ்சியைச் சுழிப்பார் எண்டு, நான் அவருக்கு நீங்கள் மேட்ரன், நேர்ஸ்மாருக்கெல்லாம் தலைவி எண்டு சொல்லிப்போட்டன்.”

டீச்சர் தபூலேத் தட்டை ஞானேஸ்வரியின் பக்கம் நகர்த்தினார்.

“கலியாணத்துக்கு வாறார். இனி மாத்தேலாது, சம்பந்தி. கலியாணம் முடியும் வரைக்கும் நீங்கள் மேட்ரன்தான்.”

சம்பந்தி என்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. நிஷாந்தி அழுதாள். அழகமுத்து நிம்மதியில் எல்லாத் தட்டுகளிலும் கை வைத்தார். ஞானேஸ்வரி மட்டும் மேட்ரன் என்ற சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

கல்யாணம் ஆவணியில். போன கிழமை டொக்டர் வீடியோவில் அழைத்தார். தொழில்முறைக் கரிசனத்தோடு, உங்களுடைய பொறுப்பில் எத்தனை கட்டில் இருந்தது என்று கேட்டார். பொய்க்குப் பழக்கப்படாத ஞானேஸ்வரி, நாலு என்றார். பெய்ரூட் வீட்டில் இருந்த கட்டில்கள் அவ்வளவுதான். டொக்டர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப ஐ.சி.யூ.வோ?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். ஞானேஸ்வரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அழைப்பு முடிந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டார்.

“ஐ.சி.யூ.வுக்குள்ள மேட்ரன் என்னாடி செய்வா?”