டிக்கியில் ஒரு தோல் துண்டு

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கணவர் சொன்ன மறுநாள், ஆம்பூர் வீட்டு வாசலில் நின்ற காரில், அவர் போனபின் முதல்முறையாகப் பாட்டுப் போட்டேன். முன் ஸ்பீக்கர்கள் பாடின. டிக்கியில் இருந்த, அடித்தாளத்தை அதிர வைக்கும் சப்வூஃபரில் சத்தமே இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது அந்த அதிர்வுதான். கர்ப்பமாக இருந்தபோது சாயங்காலங்களில் பாலாற்றுப் பாலம் வரை போய் வண்டியை நிறுத்துவோம். பாட்டில் சப்வூஃபர் அதிர்ந்தால் மகள் உள்ளே உதைப்பாள். அவர் என் வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பார். அவள் தவழும் முன்பே வெளிநாட்டு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடியோ காலில் அவருக்கு டிக்கியைக் காட்டினேன்.

"ஆம்ப்ல லைட் எரியுதா?"

"இல்லீங்க."

"பேட்டரிகிட்ட ஃப்யூஸைப் பாரு."

"நல்லாத்தான் இருக்கு. ஷாக் அடிக்குமா? மெக்கானிக்கையே கூப்பிட்டுடவா?"

"எஞ்சினியரிங் இன்னாத்துக்குப் படிச்சே? நெகட்டிவைக் கழட்டிட்டு எர்த் வயரைப் பாரு."

வாசற்படியிலிருந்து மாமியார் கை நீட்டினார். "பாட்டு இல்லாம வண்டி ஓடாதா இன்னா? குழந்தையைக் குடு."

மகளைக் கொடுத்துவிட்டு, பேட்டரியில் கழற்றியது சரியான முனைதானா என்று மறுபடி பார்த்துவிட்டு டிக்கிக்குள் குனிந்தேன். ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் தோல் மடித்து வைத்திருந்தது. எங்கள் ஊரில் தையல் மிஷினோ கட்டில் காலோ, எது ஆடினாலும் தோல் கம்பெனியில் மிஞ்சிய துண்டைத்தான் அடியில் வைப்பார்கள். திருகாணி தோலை மட்டும் பிடித்திருந்தது. எர்த் வயரின் வளையம் இரும்பைத் தொடாமல் மடிப்புக்குள் கிடந்தது.

காட்டினேன். அவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார்.

"நான்தான் வெச்சேன். கெளம்பறதுக்கு முந்தின நாளு. ஆம்ப் கடகடன்னு ஆடி பாப்பா எழுந்துடுறாளேன்னு. அவ தூங்கிட்டிருந்தா, போட்டுப் பாக்கல."

வளையத்தை இரும்போடு சேர்த்துத் திருகாணியை முறுக்கினேன்.

"தோலை எடுத்துடு."

"இருக்கட்டும்ங்க."

பேட்டரியை மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. பாட்டுப் போட்டேன். அடிவயிறு வரை அதிர்ந்தது. மாமியார் தோளில் இருந்த மகள் திடுக்கிட்டு, பிறகு காரைப் பார்த்துக் கால்களை உதைத்தாள்.

"கேக்குதா?"

"பாட்டு கேக்குது. அது கேக்கல."

அந்தச் சத்தம் போனுக்குள் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனை டிக்கி மூடிமேல் சாய்த்து வைத்தேன்.

"இப்போ?"

"படம் ஆடுது," என்றார். "எடுக்காத. அப்படியே வெய்யி."