அழிக்கும் முன் பெர்மெட்டைக் கேள்

பிஷ்கெக்கில் பேருந்து டிக்கெட் மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில், எதை அழிப்பதானாலும் முதலில் பெர்மெட்டைக் கேட்பார்கள். பல வருடமாகப் பலபேர் எழுதிக் குவித்த நிரல் அது. எழுதியவர்களில் பாதிப்பேர் மாஸ்கோவுக்குப் போய்விட்டார்கள். பெர்மெட் கோப்புகளைத் திறந்து துழாவுவதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டுவாள். கேட்ட சொல் எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறதென்று தேடுகருவி கொட்டிவிடும். வீட்டில் சாவி தொலைந்தால்கூட அவள் தங்கை, "உன் கறுப்புத் திரையைக் கேளேன்" என்பாள்.

நூருஸ் பண்டிகை டிக்கெட் விற்பனை அன்று மதியம் தொடங்க இருந்தது. புதிய கட்டணக் கணக்கு வந்துவிட்டதால், அதற்குள் பழைய கட்டணக் கணக்கை நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பெர்மெட் 'அழி' என்று சொல்லி எங்காவது டிக்கெட் நின்றுபோனால் பழி அவள் தலையில்தான்.

பக்கத்து மேசை நுர்கசி உற்சாகமாகத் திரும்பினான்.

"எஜே," என்றான், கிர்கிஸில் அக்கா என்று. "தேடிட்டேன். பழைய கணக்கை நிரல்ல எந்த இடமுமே கூப்பிடல. ஒரு வரிகூட வரல. தூக்கிடவா?"

"ஒரு வரிகூடவா?"

"சுத்தம்!"

"அப்ப எதைத் தூக்கப் போற?"

நுர்கசி திரையை மறுபடி பார்த்தான்.

"கூப்பிடுற இடம் இல்லாம இருக்கலாம். அதை எழுதி வச்ச இடமாவது வரணுமில்ல? உன் கருவி அந்தப் பக்கமே போகல, தம்பி."

"விற்பனை ஆரம்பிக்கப் போகுது, நீங்க விசாரணைக் கமிஷன் வைக்கிறீங்க."

பெர்மெட் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். தவிர்க்கச் சொன்ன கோப்புறைகளைத் தேடுகருவி எட்டிக்கூடப் பார்க்காது. தேடினால் குப்பையாகக் கொட்டுகிறதென்று யாரோ பழைய கோப்புறையை அந்தத் தவிர்ப்புப் பட்டியலில் போட்டிருந்தார்கள். எதையும் விடாமல் தேடு என்று கட்டளையை மாற்றித் தட்டினாள். ஐந்து வரிகள் வந்தன. ஒன்று, கணக்கு எழுதப்பட்ட இடம். மற்ற நான்கும் ஏரிக்கரை ஊரான கரகோலின் பேருந்து நிலையத்து டிக்கெட் ஜன்னலுக்கானவை.

"கரகோல்காரங்க ஊர் வர ஏரியை நீந்தணுமா?" என்றாள்.

இருவரும் நான்கு இடத்தையும் புதிய கணக்குக்கு மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகுதான் பழையதை அழித்தார்கள்.

விற்பனை தொடங்கிய சற்று நேரத்தில் கரகோலிலிருந்து தொலைபேசி வந்தது.

"நீங்களே எடுங்க, எஜே. எனக்குக் கை வரல."

டிக்கெட் ஜன்னல் அம்மாள் கத்தினாள்: "திரையில எழுத்து எறும்பு மாதிரி இருக்கு! யாரு படிக்கிறது?"

"டிக்கெட் வருதா?"

"அதெல்லாம் வருது. கண்ணுதான் தெரியல!"

"பெருசாக்கிடறோம், எஜே," என்ற பெர்மெட்டின் மறுகை, எழுத்தளவு எந்தக் கோப்பில் இருக்கிறதென்று அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது.