தோட்டு சிஸ்டர்

முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்த்துவிடுவார். வந்தவர் கம்பூன்றி நின்றாலும் சரி, சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் சரி, சிஸ்டரின் கண் நேரே காது மடலுக்குத்தான் போகும். "கொஞ்சம் திரும்புங்கம்மா. இந்தப் பக்கமும். தோடு தங்கமா, கவரிங்கா?" என்பார். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வந்து, பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கேள்வி தூக்கிவாரிப்போடும். தோட்டைக் கையால் மூடிக்கொண்டவர்களும் உண்டு. கவரிங் என்று கூட்டத்தில் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

எலும்பு நோய்ப் பிரிவின் கடைசி அறை அவருடையது. எடை பார்க்கும் இயந்திரம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, படிவங்கள் செருகிய அட்டை, மாதிரிக்கு ஒரு செயற்கை மூட்டு. அந்த மூட்டை எடுத்து வந்தவர் கையில் வைப்பார். "நல்லா தொட்டுப் பாருங்க. இதுதான் உள்ள இருக்கப்போகுது. நீங்க போற எடத்துக்கெல்லாம் கூட வரும்." கண்ணாடி போல் மின்னும் அந்த உலோகத்தில் தம் முகம் நீளமாகத் தெரிவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். கோபால்ட், குரோமியம், அதோடு கொஞ்சமே கொஞ்சம் நிக்கல். கவரிங் நகை போட்டால் சிலருக்குக் காது அரிப்பதும் அதே நிக்கலால்தான். அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் சிஸ்டருக்குக் கண்.

படிவத்தில் 'உலோக ஒவ்வாமை உண்டா?' என்று அச்சடித்திருக்கும். அப்படியே வாசித்தால் நூறு பேரில் நூறு பேரும் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார்கள். ஒவ்வாமை, அலர்ஜி எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர் பேச்சு, நமக்கெதற்கு? அதனால் சிஸ்டர் அந்த வரிக்கு மேலே பென்சிலால் 'எது ஒத்துக்காது?' என்று எழுதிவைத்துக் கேட்கிறார். கேட்டதும் மடை திறந்துவிடும். வாட்ச் கட்டினால் மணிக்கட்டு அரிக்கும், பழைய மூக்குக் கண்ணாடி போட்டால் காதோரம் கொப்புளிக்கும், கவரிங் போட்டால் மறுநாள் நீர் வடியும். ஒரு பாட்டியம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "என் மருமகளைத் தவிர எல்லாம் ஒத்துக்கும் சிஸ்டர்" என்றாராம். "அதுக்கு இங்க ஆபரேஷன் கிடையாது பாட்டி" என்று முகத்தைச் சுளிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனார் சிஸ்டர்.

ஆண்கள்தான் பெரிய தொல்லை. காதில் ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் "எனக்கு ஒண்ணும் பண்ணாது". லாரி ஓட்டுநர் ஒருவர் அப்படித்தான் மார்தட்டினார். சிஸ்டர் அவர் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். கொக்கிக்குப் பின்னால் ஒரு துணித்துண்டு நேர்த்தியாக வைத்துத் தைத்திருந்தது. "இது எதுக்கு?" "அது... வீட்டுக்காரி தைச்சது. வயித்துல பட்டா அரிச்சுக்கிட்டே இருக்கும்." பிறகென்ன, தோல் மருத்துவருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். முதுகில் பொட்டுப் பொட்டாய் மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்து, அதற்கு மேலும் இரண்டு நாள் காத்திருந்து பார்க்கிற சோதனை அது. தேதி தள்ளிப்போனதில் ஓட்டுநருக்கு மகா கோபம். சிஸ்டர் அசைந்து கொடுக்கவில்லை.

பெரிய டாக்டரும் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார். "காது அரிக்கிறவங்க எத்தனையோ பேருக்கு இதே மூட்டைத்தான் வெச்சிருக்கோம் சிஸ்டர். நல்லாத்தான் நடக்கறாங்க." அவர் சொன்னதில் பொய்யில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது சிஸ்டருக்கும் தெரியும். "ஒண்ணும் ஆகாதவங்களைப் பத்தி எனக்குக் கவலை இல்லை டாக்டர். ஆன ஒருத்தருக்கு அது நூத்துக்கு நூறு" என்றார். டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒருத்தர் யார் என்று அவருக்குத் தெரியும்.

சிஸ்டரின் நாத்தனார்தான். கணவரின் ஒரே தங்கை. வயது ஐம்பத்தாறு ஆகியும் வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். பாப்பா தங்கத்தைத் தவிர வேறெதையும் காதிலோ கழுத்திலோ போட மாட்டாள். தங்கம் இல்லையா, வெறுங்காதோடு நிற்பாள். கவரிங்கைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டாள். குடும்பம் முழுக்க அதற்கு வைத்த பெயர் பவுசு. அதிகமாகச் சொல்லிச் சிரித்தது சிஸ்டர்தான். "எங்க பாப்பா மகாராணி பரம்பரை. பித்தளை பட்டா உடம்பு கூசிப்போயிடும்" என்பார். பாப்பாவும் கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். சருமம் புண்ணாகும் பெண் என்று பேர் வாங்குவதைவிட, பவுசுக்காரி என்று பேர் வாங்குவது மேல் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள். அது யாருக்குத் தெரியும்!

பாப்பாவுக்கு முட்டி தேய்ந்து ஆபரேஷன் என்றதும் சிஸ்டர் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் மாதங்கள் போயும் வீக்கம் வடியவில்லை. முட்டியைச் சுற்றித் தடிப்பு, அரிப்பு, இரவு பகல் வலி. கிருமி இருக்கிறதா என்று மூட்டுநீரை எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. எக்ஸ்ரேயில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. "நடந்தாத்தான் சரியாகும் பாப்பா, சோம்பல் படாதே" என்று சிஸ்டரே அதட்டினார். அப்புறம் ஓர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது, வெறுங்காதோடு வராதே என்று தன் கவரிங் தோட்டைக் கட்டாயப்படுத்திப் பாப்பாவுக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு காதும் வீங்கி நீர் வடிந்தது. "அடிப்பாவி, இது என்னடி?" என்று பதறினார் சிஸ்டர். "சின்ன வயசுலேர்ந்தே ஒத்துக்காது அண்ணி" என்றாள் பாப்பா, தப்புச் செய்தவள் போல. சிஸ்டர் அன்றைக்கே அவளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

முதுகில் பொட்டு ஒட்டிப் பார்த்ததில் நிக்கல் பொட்டு மட்டும் சிவந்து பொங்கியிருந்தது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை என்றார் டாக்டர். பழைய மூட்டை எடுத்துவிட்டு நிக்கல் கலக்காத வேறொன்றை வைப்பது என்று முடிவாயிற்று. சிஸ்டர் காதுகளைப் பார்க்கத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான். தோட்டு சிஸ்டர் என்ற பேரும் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஆபரேஷனுக்குப் பாப்பாவின் படிவத்தை நிரப்பியது அவர்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண், நமக்குத் தெரியாததா என்று, காப்பி ஆறுவதற்குள் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

போன மாதம் பாப்பா மறுபடியும் வந்து படுத்தாள். பதிவறையிலிருந்து பழைய கோப்பு வந்தது. வளைத்து வளைத்து அடித்த டிக்குகளைச் சிஸ்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் படிவத்தை நிரப்ப வேறொரு சிஸ்டர் கிளம்பினாள். "வேண்டாம், நான் போறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

"வாங்க அண்ணி. அண்ணன் வரலையா?" என்றாள் பாப்பா.

சிஸ்டர் கட்டிலருகே நின்றபடியே படிவத்தைப் பிரித்தார். தினம் இருபது பேரிடம் கேட்கிற கேள்வி வாயில் வரவில்லை.

"பாப்பா, முதல் தடவை இதை நிரப்பினது நான்தான்."

"தெரியுமே. நீங்கதானே எல்லாம் பாத்துக்கிட்டீங்க."

"உன்னைக் கேக்காமலே நிரப்பினேன். அலர்ஜி இல்லைன்னு நானே போட்டேன். நீ தங்கத்தைத் தவிர எதையும் தொடமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஏன்னு ஒரு தடவை கேட்டிருந்தா போதும். பவுசுன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். உனக்கு ரெண்டாவது தடவை கத்தி வைக்கிறது என்னாலதான்."

பாப்பா அவரையே பார்த்தாள். மெல்ல மெல்ல முகம் மாறியது.

"பாத்ரூம் வரைக்கும் போக முடியாம நடையில உக்காந்து அழுதேன் அண்ணி. அன்னிக்குச் சோம்பல்னீங்க."

"ஆமா."

"எனக்கு வயிறு எரியுது. இப்ப எதுவும் பேசாதீங்க."

சிஸ்டர் படிவத்தை மடித்துக்கொண்டார். போகவில்லை. பாப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போய்த் தேய்ந்து மறைந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்தவள், இருவரையும் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனாள். முப்பது வருஷம் இந்த வார்டுகளில் நின்றே பழகிய சிஸ்டர் அன்றைக்குப் பிடிமானம் தேடினார். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். வீங்கிய காலை, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, சிஸ்டர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.