காரணம் என்ற கட்டம்

"மன்றத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். காரணம்: உடம்பு சரியில்லை."

கோடு போட்ட தாளில் நீல மையில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியவள் மேல்மூலையில் தேதி இட்டிருக்கிறாள். அது அந்த ஆண்டு புரட்டாசியின் முதல் திங்கட்கிழமை. செயலாளருக்கு எழுதப்பட்ட கடிதம். செயலாளர் நான்தான். படிப்பு முடிந்து சில வருடங்கள் ஆகியும், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருக்கும் அறையில் பழைய டைரி ஒன்றுக்குள் அது இருக்கிறது. கல்லூரி அலுவலகக் கோப்பில் இருந்திருக்க வேண்டியது.

நாமக்கல்லுக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அங்கே ஒரு பேண்ட் குழு இருந்தது. சுதந்திர தினம், விளையாட்டு விழா, சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும் நேரம் ஆகியவற்றுக்கு வாசிப்பார்கள். எனக்குத் தாளம் வராது. நான் குழுவில் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கல்லூரிகளில் பேண்டுக்கு உழைப்பதற்கென்றே மாணவர் மன்றங்கள் இருப்பதைப் படித்திருந்தேன். கருவிகளைப் பராமரிப்பது, சீருடைகளைப் பார்த்துக்கொள்வது, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவது. அப்படியொன்றை இங்கே தொடங்க வேண்டுமென்று மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் முதல்வருக்கு மனு எழுதினேன்.

அவர் மனுவின் ஓரத்திலேயே நிபந்தனைகளை எழுதித் திருப்பினார். பதினைந்து உறுப்பினர்கள் வேண்டும். ஒரு பருவம் முழுவதும் ஞாயிறுதோறும் பணி நடக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில், வராதவர் பெயருக்கு எதிரே காரணம் குறிக்கப்பட வேண்டும். பருவ முடிவில் ஒருவர் குறைந்தாலும் அங்கீகாரம் கிடையாது.

பதினைந்து பேரைச் சேர்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நான்காவதாகக் கையெழுத்திட்டவள் சைடு டிரம் வாசிப்பவள், இரண்டாம் ஆண்டு. அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை, அவளே வந்தாள். டிரம்மை விரலால் சுண்டிப் பார்த்து, எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ட்ரம்பெட்டுகளுக்குப் புளி போட்டுத் தேய்ப்பதும் அவள் காட்டிக்கொடுத்ததுதான். இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. மறுநாள் கருவி அறையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏங்கண்ணு, நேத்து வரல?"

"உடம்புக்கு முடியலீங்கக்கா."

"காலைல பஸ் ஏறிப் போனியாமே. வாட்ச்மேன் சொன்னாரு."

சிரித்துவிட்டாள். "அந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லீங்களா? எங்கப்பா பேண்டு செட்டு வெச்சிருக்காருங்க. ஆளு ஒண்ணு கொறஞ்சு போச்சு. புதுச்சத்திரத்துக்கிட்ட ஒரு எழவு ஊடு. போயி அடிச்சுட்டு வந்தனுங்க. நீங்க உடம்பு சரியில்லைன்னே போட்டுக்குங்கக்கா."

"பொய்யா எழுதச் சொல்றியா?"

"ஒரு வரிதானுங்களே."

அவள் போனதும் எழுதினேன்: "தந்தையின் பேண்ட் செட்டுடன் இழவு வீட்டில் வாசிக்கச் சென்றார்." எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பாவின் தொழிலுக்கு உதவியதில் என்ன குறைச்சல் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சுலபம். மேச்சேரியில் என் அப்பா பள்ளி ஆசிரியர். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் வாசிக்க வருகிறவர்கள் பந்தலுக்கு வெளியேதான் நிற்பார்கள். அவர்களுக்குக் காகிதக் கோப்பையில்தான் டீ போகும். வீட்டு டம்ளரில் போய் நான் பார்த்ததில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த வரியை எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வேலை தொடங்கும் முன் போன வாரத்துப் பதிவேடு வாசிக்கப்பட்டது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளும் நானே. துணைத்தலைவன், ட்ரம்பெட் வாசிக்கும் இறுதியாண்டு மாணவன், வாசித்தான். அந்த வரியில் நின்றான். இன்னொரு தடவை உரக்கப் படித்தான். பிறகு அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

"ஏனுங்க, எங்க தாத்தா ஆறு மாசமா இழுத்துக்கிட்டுக் கெடக்கறாரு. உங்கப்பாகிட்டத் தேதி கெடைக்குமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் டிரம்மின் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தேதிய மொதல்ல உங்க தாத்தாவச் சொல்லச் சொல்லுங்க, வாரேன். உங்க ஊடுன்னா நாலு அடி சேத்தே போடறேன்."

இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு சீருடைக் கையுறைகளைத் துவைத்தோம். எல்லாம் ஒரே வாளியில்தான் ஊறும். கொடியில் காயப்போட்டபோது வெள்ளைக் கையுறைகள் வரிசையாகத் தொங்கின. ஒரு ஜோடி மட்டும் இரண்டு முழம் தள்ளி, கொடியின் கடைசி முனையில் கிடந்தது. உள்பக்கம் அவள் பெயரின் முதலெழுத்து தைத்திருந்தது. யார் தள்ளிப் போட்டது என்று கேட்டேன். "சீக்கிரம் காயட்டும்னுதான்" என்றாள் ஒருத்தி. கையுறைக்கு உரியவள் வந்து பார்த்தாள். ஈரத்தோடு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை கடிதத்தை என் கையில் கொடுத்தாள். வகுப்பு மாறும் இடைவேளை. தாழ்வாரத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"அன்னிக்கு நான் சொன்ன வரிதானுங்கக்கா. இதையாச்சும் அப்படியே எழுதிக்குங்க."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது என் டைரியில் இல்லை. அன்றைய பக்கத்தில் கடிதம் வந்த நேரத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.

அதை அலுவலகத்தில் சேர்த்தால் உறுப்பினர் பதினான்கு. இன்னும் ஆறு ஞாயிறுகள் இருந்தன. புதிதாக ஒருவரைச் சேர்த்தாலும் முழுப் பருவக் கணக்கில் வராது. கடிதத்தை டைரிக்குள் வைத்தேன். ஆறு ஞாயிறும் அவள் பெயருக்கு எதிரே 'வந்தார்' என்று எழுதினேன். துணைத்தலைவன் பார்த்தான், அவனும் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டபோது பொய் என்று மறுத்தேன். மன்றத்துக்காக அதே பதிவேட்டில் அதே பேனாவால் ஆறு முறை பொய் எழுதினேன்.

அங்கீகாரம் வந்தது. தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கியபோது சைடு டிரம்மில் வேறொருவன் இருந்தான். இரண்டு இடத்தில் தடுமாறினான். அவள் அதற்குள் பேண்டிலிருந்தும் விலகியிருந்தாள். கருவி அறைச் சுவரில் தொடக்க உறுப்பினர்களின் பலகை மாட்டப்பட்டது. கையெழுத்திட்ட வரிசையில் பதினைந்து பெயர்கள். நான்காவது அவளுடையது. அதன் பிறகு தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாக நடப்பாள். நானும் கூப்பிடவில்லை. நான் படிப்பை முடித்து வெளியேறியபோது அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருந்தது.

மன்றம் இப்போதும் நடக்கிறது. அங்கே ஆய்வக உதவியாளராக இருக்கும் ஜூனியர் ஒருவன் போன மாதம் வேறு வேலையாகப் பேசியபோது சொன்னான்: "பலகைல ஒரு பேர யாரோ சொரண்டியிருக்காங்கக்கா. ஆணி மாதிரி எதாலயோ." எத்தனையாவது பெயர் என்று கேட்டேன். நாலாவதோ அஞ்சாவதோ என்றான். போய் எண்ணிச் சொல்லச் சொன்னேன். சரி என்றான், இன்னும் சொல்லவில்லை.

நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. சுரண்டப்பட்டது அவள் பெயர்தானா, அப்படியானால் சுரண்டியது அவளா, அவள் பெயர் அங்கே இருப்பது பொறுக்காத வேறு யாராவதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.