பெயிண்டர் வீட்டுப் பச்சைச் சுவர்

ஊரில் பாதி வீடுகளுக்கு நிறம் கொடுத்தவன் நான்தான் என்பார் பெயிண்டர். மீதிப் பாதி? அதெல்லாம் ஒரு நிறமா என்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். உப்புத்தாள் தேய்க்கிற கையாளாகச் சேர்ந்து, யார் தயவும் இல்லாமல் மேலே வந்து, மூன்றாவது மாடியில் சொந்த வீடே வாங்கிவிட்டார். சும்மாவா? ஆனால் அந்த வீட்டுச் சுவர்கள் மட்டும் வெறும் பிரைமர் அடிப்பூச்சோடு நின்றன. ஊருக்கெல்லாம் அடிக்கிறவருக்குத் தன் வீட்டுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் வாண்டு கலகம் செய்தாள். மூன்று வயது மகள். பழைய வாடகை வீட்டில் மதியம் சாப்பிட்டதும் பச்சைச் சுவரோரம் படுத்து, உள்ளங்கையைச் சுவரில் ஒட்டிக்கொள்வாள். அடுத்த நொடி கண் சொருகிவிடும். அவள் தூங்கும் அந்த நேரத்தில்தான் அம்மா தையல் மெஷினில் உட்காருவாள். புது வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் போயே போச்சு. ஊசி டப்பாவைக் கவிழ்த்தாள். நூல்கண்டை மாடிப்படியில் உருட்டிவிட்டாள். “நம்ம வீட்டுச் சுவரு வேணும்” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஒண்ணு, இவ தூங்கணும். இல்ல, பழைய வீட்டுப் பக்கமே போயிடலாம். துணி குடுத்தவங்க எல்லாம் திருப்பிக் கேக்குறாங்க” என்றாள் மனைவி.

பெயிண்டருக்குச் சுருக்கென்றது. ரத்தத்தை வேர்வையாக்கி வாங்கிய வீட்டை விட்டு மறுபடி வாடகைக்கா?

“ஒரு சுவருதானே? அந்தப் பச்சைய நான் கண்ண மூடிக்கிட்டே கலக்குவேன், பாரு!”

கலக்கினார், அடித்தார். காய்ந்ததும் வாண்டு வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“இது பொய் சுவரு.”

மஞ்சள் கொஞ்சம் கூட்டி மறுபடி அடித்தார். பொய். துளி கறுப்பு சேர்த்து இன்னொரு கோட்டு பூசினார். அதுவும் பொய்.

“பங்களாக்காரங்களே என் கலர்ல குத்தம் சொன்னதில்ல. நேத்துப் பொறந்தது சொல்லுது!”

“பங்களாக்காரங்க சுவத்துல கை வச்சா தூங்குறாங்க?” என்று மெஷின் பக்கமிருந்து குரல் வந்தது. “இங்க வாய்ச்சவடால் விடாம, மத்தியானமா பழைய வீட்டுக்குப் போய் நேர்லயே பாத்துட்டு வாங்க. வரும்போது பேக்கரில நாலு பன்னு.”

மறுநாள் மதியம் போனார். அங்கே இப்போது ஒரு பஸ் கண்டக்டர் குடியிருந்தார். “ஒரு வாளிய மறந்துட்டுப் போயிட்டேன்” என்று புளுகி உள்ளே நுழைந்தார் பெயிண்டர். நிறத்துக்கு மாதிரி சுரண்டலாம் என்று, தகட்டை எடுத்துக்கொண்டு இடது கையைச் சுவரில் ஊன்றினார். ஊன்றிய கையை வெடுக்கென்று எடுத்தார். சுவர் வெதுவெதுவென்று இருந்தது, தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி.

“என்ன சார், சுவரு சுடுது?”

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பின்னாடி பேக்கரி அடுப்பு. மத்தியானம் பன்னு வேகும்போது இப்படித்தான் இருக்கும். நீங்க நெசமாவே இங்க குடியிருந்தீங்களா?”

குடியிருந்தார்தான். மதியத்தில் என்றைக்கு வீட்டில் இருந்தார்?

பன்னுப் பொட்டலத்தோடு படியேறி வந்ததும் மனைவியைப் பிடித்தார். “சுவரு சுடும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? இடுப்பு வலிச்சா நானும் அதுலதானே சாஞ்சு உக்காருவேன்.”

“சொல்லித் தொலைக்கறதுதானே?”

“சொல்லியிருந்தா இந்த வீட்டுச் சுவத்துல மூணு கோட்டு விழுந்திருக்குமா?” பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். குரல் இறங்கியது. “இந்த வாசன இல்லாம எனக்கும்தான் மத்தியானம் ஓட மாட்டேங்குது.”

பெயிண்டர் பாயை விரித்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பச்சைச் சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்தார். வெயிலில் நடந்து வந்த முதுகு தகித்தது. வாண்டு வந்து பின்னால் படுத்தாள். ஒரு சின்ன உள்ளங்கை முதுகில் ஒட்டியது.

“ம்... சுவரு வந்துடுச்சு.”

“ஏய், அப்பா வேலைக்குப் போகணும்...”

“சுவரு பேசாது!”

போன் அடித்தது. மேஸ்திரிதான். கையை நீட்டினால் முதுகு அசையும். அடித்து அடித்து அது ஓய்ந்தது. சற்று நேரத்தில் பின்னால் குறட்டை கேட்டது. தையல் மெஷின் மெதுவாக ஓடத் தொடங்கியது.

“நாளைக்கும் மத்தியானம் வந்துடுங்க” என்றாள் மனைவி, பன்னை மென்றபடி. “மத்த மூணு சுவத்துக்கும் என்ன கலருன்னு படுத்துக்கிட்டே யோசிங்க.”

பெயிண்டரிடம் பதில் இருந்தது, நல்ல காரசாரமான பதில். ஆனால் சுவர் பேசக் கூடாதே.