முகத்துவாரத்து மூட்டைகள்

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனுக்குக் கரைவலையும் உண்டு, வயலும் உண்டு. மழை வந்தால் சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியாது என்று வீட்டில் சீண்டுவோம். போன வருடம் அந்தப் பகிடியும் நின்றுபோனது. வலை இழுத்தால் மீனுக்கு முன்னால் பிளாஸ்டிக் போத்தலும் சொப்பிங் பேக்கும் அறுந்த நைலோன் வலையும் வந்தன. மீன் சேரும் மடி அந்தப் பாரத்தில் கிழிந்தது. தைத்தார், மறுபடி கிழிந்தது. இன்னொரு முறை கிழிந்தால் தைப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் இருவரும் கரையில் குப்பை பொறுக்கினோம். வலையில் வருவதைத் திரும்பக் கடலில் எறிகிற பழக்கத்தையும் அவர் விட்டார். எல்லாவற்றையும் உரப்பைகளில் அடைத்து, வலைநூலால் இறுக்கிக் கட்டி, முகத்துவாரத்து மணல்மேட்டில் அடுக்கினோம். பிரதேச சபையின் குப்பை டிரக்டர் வந்து ஏற்ற வசதியான இடம் அது ஒன்றுதான். குப்பைக்கும் யாவாரி வந்துவிட்டானா என்று சிலர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

டிரக்டருக்கு முன்னால் மாரி மழை வந்துவிட்டது. வயல் வட்டையில் இளம்பயிர் மூழ்கியது. மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால்தான் வெள்ளம் கடலுக்கு வடியும். எங்கள் பகுதியில் மாரிக்கு மாரி நடப்பதுதான். விவசாயிகள் மண்வெட்டியோடு திரண்டார்கள், காக்காவும்தான். நான் மூட்டைகளை ஞாபகப்படுத்தினேன். அவர் அவற்றைப் பார்த்தார், வயல் பக்கமும் பார்த்தார்.

"இத அள்ளி முடியிறதுக்குள்ள பயிர் அழுகிப் போயிரும். வெட்டுவம்," என்றார்.

முடிந்ததை இழுத்து அப்பால் வைத்தோம். வெட்டிய வாய் நாங்கள் நினைத்ததைவிட அகலமாக உடைந்து, மேடு மூட்டைகளோடு சரிந்து கடலுக்குப் போனது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நனைந்தபடி நின்றேன், அவ்வளவுதான். பயிர் பிழைத்தது.

மாரி ஓய்ந்து கடல் அடங்கியதும் முதல் வலை வளைத்தோம். கயிறு கனத்தது. நல்ல மீன்பாடு என்று இழுத்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கரையில் ஏறும்போது மடி நீளத்துக்குப் பிளந்தது. உள்ளே கொஞ்சம் சூடைமீன், மணல் ஏறிய உரப்பைகள். காக்கா குந்தி ஒரு பையின் கட்டைத் தடவினார். அவர் கையால் போட்ட முடிச்சு, இன்னும் அவிழவில்லை.

இழுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். காக்கா பையைத் தோளில் தூக்கினார். கொஞ்சம் நடந்து நின்றார்.

"தம்பி, இத எங்க கொண்டு வெக்கிற?"

முகத்துவாரம் மறுபடி மண் மூடி மேடாகியிருந்தது. நான் அந்தப் பக்கம்தான் கையை நீட்டினேன்.